உடைந்ததா, உடைத்தேனா: சொந்த அனுபவத்தை எழுதப் பழகுவோம்

நண்பரிடம் கதை சொல்லும்போது சிரிக்கவும் பதறவும் வைக்கிறவர்கள்கூட, அதையே எழுத உட்கார்ந்தால் மேடையில் வரவேற்புரை வாசிப்பவர் போல ஆகிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என் முதல் அனுபவக் கட்டுரை இப்படித் தொடங்கியது:

"என் வாழ்வில் நடந்த மறக்க முடியாத சம்பவம் ஒன்றை நான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அப்போது எனக்கு 9 வயது. ஒருநாள் அப்பாவின் கைக்கடிகாரம் என்னால் உடைக்கப்பட்டுவிட்டது. நான் மிகவும் பயந்துவிட்டேன். என் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது. உடனே நான் அதை ஒளித்துவைத்துவிட்டேன்."

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதில் ஆளே இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இந்தப் பத்தியையே வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பழுது பார்ப்போம்.

படி 1: வாயால் சொல்லுங்கள்

கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு 3 நிமிடம் பேசுங்கள். பிறகு கேட்டு, பேசியபடியே எழுதிக்கொள்ளுங்கள். "வந்து", "அதாவது" எல்லாவற்றையும் தள்ளிவிடலாம். நான் பேசியபோது என்னையறியாமல் இப்படி வந்தது: "வாட்ச கட்டிப் பாத்தேன், முழங்கை வரைக்கும் ஏறிடுச்சு." எழுதியதில் இந்த முழங்கை எங்கே போனது? அந்தக் கை எவ்வளவு சின்னது என்று சொல்ல இது ஒன்றே போதும்.

படி 2: முன்னுரையை வெட்டுங்கள்

முதல் வாக்கியத்தை அடித்துவிடுங்கள். மறக்க முடியாததா இல்லையா என்று வாசகர் முடிவு செய்யட்டும். இதற்கு மேல் இந்தப் படியில் ஒன்றுமில்லை.

படி 3: வினைச்சொற்களை விசாரியுங்கள்

உங்கள் நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். வரைவிலுள்ள எல்லா வினைச்சொற்களுக்கும் அடியில் கோடு போடுங்கள்.

"என்னால் உடைக்கப்பட்டுவிட்டது." பேச்சில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. இதை "உடைந்துவிட்டது" என்று மாற்றினால் தமிழ் இயல்பாகிவிடும், ஆனால் கடிகாரம் தானாக உடைந்ததாகிவிடும். "உடைத்துவிட்டேன்" என்றால்தான் நான் உள்ளே வருகிறேன். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்தோமே, அதன் பயனை நான் இங்கேதான் கண்டேன். தொலைந்தது, தொலைத்தேன்; கிழிந்தது, கிழித்தேன்; பிரிந்தோம், பிரித்தார்கள். 'ந்' இருந்த இடத்தில் 'த்' வரும்போது பொறுப்பும் ஒருவர் தலையில் ஏறுகிறது. சொந்தக் கதை எழுதுகிறவர் எங்கே நழுவுகிறார் என்று பார்க்க நான் முதலில் தேடுவது இந்த 'ந்'தைத்தான். நழுவியது தப்பென்று சொல்லவில்லை. தெரிந்து நழுவுங்கள்.

அடுத்தது துணைவினை. "உடைத்துவிட்டேன்" என்பதில் இனி மீட்க முடியாது என்ற தொனி இருக்கிறது. "உடைத்துப்போட்டேன்" என்றால் அலட்சியம். "உடைத்துத் தொலைத்தேன்" என்றால் என்மேல் எனக்கே எரிச்சல். உரிச்சொல் எதுவும் சேர்க்காமலே மனநிலை வந்துவிடுகிறது. என் வரைவிலோ உடைக்கப்பட்டுவிட்டது, பயந்துவிட்டேன், வைத்துவிட்டேன் என்று எங்கு பார்த்தாலும் 'விடு'. எல்லா இடத்திலும் போட்டால் எந்த இடத்திலும் அது வேலை செய்யாது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிட்டேன்.

படி 4: உணர்ச்சியின் பெயரைச் சொல்லாதீர்கள்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. மெய் என்றால் உடம்பு. உள்ளே எழுவது உடம்பில் தெரிவது மெய்ப்பாடு. "மிகவும் பயந்தேன்" என்பதில் உடம்பு இல்லை. "இதயம் படபடத்தது" என்பதில் இருக்கிறது, ஆனால் அது இரவல் உடம்பு. ஆயிரம் கதைகளில் படபடத்துக் களைத்த இதயம் அது. அன்று உங்கள் கை, காது, தொண்டை என்ன செய்தது? எனக்குக் காதுதான் நினைவிருக்கிறது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும், மறுபடி கேட்குமா என்று காத்திருந்தேன்.

சரியான நினைவு இல்லையென்றால் இட்டுக்கட்ட வேண்டாம். நினைவில் இருப்பதை மட்டும் எழுதி நகர்ந்துவிடுங்கள்.

படி 5: 'நான்' எத்தனை?

"பயந்தேன்" என்பதில் 'நான்' ஏற்கெனவே இருக்கிறது, விகுதி அதற்குத்தான். அடுத்தவரிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும் இடத்தில் மட்டும் 'நான்' இருக்கட்டும், மற்றதை அடியுங்கள். பத்தி உடனே மூச்சுவிடும்.

மூச்சு என்றதும் வாக்கிய நீளம் நினைவுக்கு வருகிறது. தமிழில் எச்சங்களைக் கோத்து வாக்கியத்தை இழுத்துக்கொண்டே போகலாம்: எடுத்து, கட்டி, தூக்கி, நடந்து. உற்சாகமான நேரத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். அது முடிகிற இடத்தில் ஒரே சொல்லில் வாக்கியம் வைத்துப் பாருங்கள்.

படி 6: பேச்சுத்தமிழ் எங்கே?

உரையாடலில் பேச்சுத்தமிழ், விவரணையில் எளிய எழுத்துத்தமிழ் என்பது தொடங்குகிறவர்களுக்குப் பாதுகாப்பான வழி. முழுக்கப் பேச்சுத்தமிழிலும் எழுதலாம். ஆனால் 'இருந்துச்சு', 'இருந்திச்சு' என்று பக்கத்துக்கு ஒன்றாக மாறாமல் ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "சென்றேன்" என்று எழுதிய கையோடு "கிளம்பிடுச்சு" வந்தால், இரண்டு பேர் மாறி மாறி எழுதியது போல இருக்கும்.

படி 7: அன்றைய நீங்களும் இன்றைய நீங்களும்

9 வயதுப் பிள்ளைக்குத் தெரியாதது இன்று உங்களுக்குத் தெரியும். அதை அவ்வப்போது அள்ளித் தெளித்தால் கதை உபதேசமாகிவிடும். ஒரே ஒரு இடத்தில், ஒரே வாக்கியத்தில் இன்றைய குரலை நுழையவிடுங்கள். இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு நான்கு முறை மாற்றி எழுத வேண்டியிருந்தது.

பிறகு சத்தமாகப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தை மறுபடி எழுதுங்கள். என் பத்தி கடைசியில் இப்படி ஆனது:

"அப்பா குளிக்கப் போயிருந்தார். மேசைமேல் இருந்த கடிகாரத்தை எடுத்து, கட்டி, அது முழங்கை வரை ஏறியதும் கையை உயரத் தூக்கிக்கொண்டு, அவரைப் போலவே அறை முழுக்க நடந்து, திரும்பும்போது கதவில் இடித்தேன். உடைத்துவிட்டேன். கண்ணாடியில் குறுக்காக ஒரு கோடு. தண்ணீர்ச் சத்தம் நின்றது. மறுபடி கேட்குமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. தலையணை உறைக்குள் திணித்தேன். அது தாத்தாவின் கடிகாரம் என்று 20 வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

'வாட்ச் எங்கடா?'

'தானா உடைஞ்சிருச்சுப்பா' என்றேன். உடைந்ததா என்று அவர் கேட்கவே இல்லை."