கொழும்பின் உயர்மாடிகளும் நிலநடுக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் உயர்மாடிக் கட்டிடங்களைப் பற்றிய பேச்சில் நிலநடுக்கம் என்று வாயெடுத்தாலே, "இங்கே எங்கே நிலநடுக்கம்? காற்றுக்குப் பார்த்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் அதிகம். கட்டிட முதலாளிகளும் கேட்கிறார்கள், பொறியியல் படித்தவர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே இரண்டு தவறுகள் இருக்கின்றன.

முதலாவது, நமக்கு ஆபத்தே இல்லை என்ற நினைப்பு. இலங்கை புவித்தட்டின் ஓரத்தில் இல்லை, அது சரி. ஆனால் தட்டின் நடுவிலும் பாறை உடையும். 1993 செப்டெம்பர் 30ஆம் திகதி மகாராஷ்டிராவின் கில்லாரியில் வந்த 6.2 அளவு நிலநடுக்கம் சுமார் 10,000 பேரைக் கொன்றது. அன்றைய இந்திய வரைபடத்தில் அந்த ஊர் ஆபத்து மிகக் குறைந்த வலயத்தில் இருந்தது. 1989இல் அவுஸ்திரேலியாவின் நியூகாசிலில் வந்தது 5.6 அளவுதான், 13 பேர் இறந்தார்கள். நம் கொழும்பிலும் போர்த்துக்கேயர் காலத்தில், 1615 ஏப்ரலில், நிலம் குலுங்கி வீடுகள் இடிந்து பலர் மாண்டதாகப் பதிவு உண்டு. 2020இல் விக்டோரியா அணைக்கு அண்மையில் திகனப் பக்கமும், 2023இல் புத்தல, வெல்லவாயப் பக்கமும் சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. இவ்வளவையும் தெரிந்துகொண்டு கணக்கில் பூச்சியம் போட முடியாது.

அடுத்து, தூரத்தில் நடப்பது நம்மைத் தொடாது என்ற நம்பிக்கை. குட்டையான வீட்டுக்கு அது பெரும்பாலும் பொருந்தும், உயரமான கட்டிடத்துக்குப் பொருந்தாது. ஒரு கட்டிடம் ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரத்தை அலைவுக் காலம் என்கிறோம். மாடிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் அது பருமட்டாகச் செக்கனில் வரும். கொங்கிரீட் சுவர்கள் அதிகமென்றால் இன்னும் குறையும். நிலநடுக்க அலைகளில் வேகமாக அதிர்பவை வழியிலேயே தேய்ந்துவிடும், மெதுவாக அசைபவை நெடுந்தூரம் போகும். அந்த மெதுவான அசைவுதான் உயர்மாடிகளுக்கு ஒத்துப்போகிறது. 2025 மார்ச் 28இல் மியன்மாரில் வந்த 7.7 அளவு நிலநடுக்கத்துக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் அப்பால் இருந்த பாங்கொக்கில், கட்டிக்கொண்டிருந்த 30 மாடி அளவிலான அரசுக் கட்டிடம் ஒன்று அப்படியே இடிந்து உட்கார்ந்தது. அதன் வடிவமைப்பும் கட்டுமானமும் தனியே விசாரிக்கப்பட்டன. ஆனால் கட்டி முடித்த கோபுரங்களின் மொட்டைமாடி நீச்சல் தடாகங்களிலிருந்து தண்ணீர் அருவி போல் கொட்டியதையும் எல்லோரும் பார்த்தோம். 1985இல் மெக்சிக்கோ நகரம் பட்ட அழிவும் 350 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்ததுதான். பழைய ஏரிப்படுக்கையின் மென்களிமண் இரண்டு செக்கன் அளவிலான அலைவைப் பெருக்கிவிட, 6 முதல் 15 மாடி வரையான கட்டிடங்களே அதிகம் அடிபட்டன.

நம்மிடம் பாங்கொக்கின் ஆழமான களிமண் எல்லா இடத்திலும் இல்லை. பல இடங்களில் பாறை கிட்டத்திலேயே கிடைக்கிறது. ஆனால் பேரே வாவி ஓரம் ஒரு மண், கொலன்னாவைச் சதுப்பில் முற்றாக வேறு மண், துறைமுக நகரத்தின் 269 ஹெக்டேயரும் கடல் மணல் நிரப்பிய நிலம். "பைல் பாறையில் இறங்கிவிட்டது, மண்ணைப் பற்றி இனிக் கவலை இல்லை" என்று சொல்வதும் தவறு. பைல் என்பது நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் அத்திவாரத் தூண். பாரம் அதன் வழியே பாறைக்குப் போகும், உண்மை. நிலம் ஆடும்போது பைலையும் நிலக்கீழ்த் தளத்தையும் பிடித்து அசைப்பது சுற்றியிருக்கிற மண்தான்.

இனி, காற்று. மிகப் பெரிய தவறு இங்கேதான் என்பது என் எண்ணம். 40 மாடிக் கட்டிடத்தின் அடியில் காற்று தரும் விசையை ஒரு பக்கம் எழுதுகிறார்கள், நிலநடுக்கம் தரும் விசையை மறுபக்கம் எழுதுகிறார்கள். காற்று கூடவாக வந்ததும் நிலநடுக்க அத்தியாயத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே வகையானவை இல்லை. நிலநடுக்க எண்ணை விதிக்கோவை, அதாவது கட்டிட வடிவமைப்புக்கான விதிகளின் தொகுப்பு, ஏற்கெனவே மூன்றாலோ நான்காலோ வகுத்திருக்கும். கட்டிடம் முறியாமல் வளைந்து கொடுக்கும் என்று நம்பித் தந்த சலுகை அது. வளைந்து கொடுக்கும்படி கம்பி போடாமல் சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும். காற்றுக்கு வடிவமைத்த கட்டிடம் வளைந்து கொடுக்க வேண்டிய தேவையே வராது என்ற எண்ணத்தில் கட்டப்படுவது. இன்னொன்று, காற்றில் ஆட்டத்தைக் குறைக்க எடை உதவும். நிலநடுக்கத்தில் எடை கூடக் கூட விசையும் கூடும். காற்று பெரும்பாலும் கட்டிடத்தை முழுதாக ஒரு பக்கம் சாய்க்கப் பார்க்கும். நிலநடுக்கமோ உயரமான கட்டிடத்தைப் பாம்பு போல நெளியவும் வைக்கும். அதனால் அடியில் மட்டுமல்லாமல் நடு உயரத்திலும் சுவர்களுக்குச் சோதனை வரும், காற்றுக் கணக்கு அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்காது.

கட்டுமிடத்தில் ஒரு தூணின் கம்பிக்கூட்டுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். நெடுங்கம்பிகளைச் சுற்றி வரும் வளையக் கம்பியின் நுனி எப்படி மடக்கப்பட்டிருக்கிறது? 90 பாகையில் மடங்கி, தூணின் ஓரத்தோடு படுத்திருந்தால், குலுக்கலில் வெளிக் கொங்கிரீட் உதிர்ந்ததும் அந்த நுனி திறந்துகொள்ளும். வளையம் விரியும், நெடுங்கம்பி வெளியே பிதுங்கும், உள்ளிருக்கும் கொங்கிரீட் நொறுங்கும். நுனியை 135 பாகைக்கு மடக்கி உள்ளே செலுத்தியிருந்தால், வெளிப்பக்கம் உதிர்ந்த பிறகும் பிடி விடாது. கம்பி கட்டுகிறவருக்கு அது கரைச்சலான வேலைதான். ஆனால் ஒரு வளையத்துக்குச் சில சென்ரிமீட்டர் கம்பிதான் கூடப் போகும். வளையங்களுக்கு இடையிலான தூரத்தையும் அங்கேயே அளந்து பாருங்கள், குறிப்பாகத் தூணின் மேல், கீழ் முனைகளில். 2010இல் சிலியின் 8.8 அளவு நிலநடுக்கத்தில், மெல்லிய கொங்கிரீட் சுவர்களின் ஓரங்களில் இந்த இறுக்கம் போதாமல்தான் பல உயர்மாடிகளில் கொங்கிரீட் நொறுங்கிக் கம்பி வளைந்தது.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் தொடர்மாடிகளின் கீழ்த்தளத்தைக் கவனித்தால் இன்னொரு தவறு தெரியும். கீழே வாகனத் தரிப்பிடம், வெறும் தூண்கள். மேலே வீடுகள், ஒவ்வொரு தளத்திலும் சீமெந்துக் கல் சுவர்கள். கணினியில் கட்டிடத்தை வரையும்போது அந்தச் சுவர்களை எடையாக மட்டும் கணக்கெடுத்து, விறைப்பை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் மேல்தளங்கள் விறைப்பாக நிற்க, அசைவு முழுவதையும் கீழ்த்தளத் தூண்களே தாங்க வேண்டி வரும். 2001இல் புஜ் நிலநடுக்கத்தின்போது 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் விழுந்த தொடர்மாடிகள் பல இந்த அமைப்பில்தான் இருந்தன. படிக்கட்டையும் மறக்க வேண்டாம்: 2011இல் கிரைஸ்ட்சேர்ச்சில் ஒரு 18 மாடிக் கட்டிடம் நின்றது, படிக்கட்டுகள் விழுந்தன, உள்ளே இருந்தவர்கள் இறங்க வழியின்றி மாட்டிக்கொண்டார்கள்.

விதிக்கோவைகளைக் கலப்பது நம் ஊருக்கே உரிய பிரச்சினை. விசை அவுஸ்திரேலிய ஏஎஸ் 1170.4இலிருந்து, சலுகை எண் இந்திய ஐஎஸ் 1893இலிருந்து, கம்பி விபரம் பழைய பிரித்தானிய பிஎஸ் 8110இலிருந்து. ஒவ்வொன்றும் தனித்தனியே சரி. ஆனால் ஒரு நாட்டின் சலுகை அந்த நாட்டின் கம்பி விபரத்துக்குத் தரப்பட்டது. எதை எடுத்தாலும் ஒரே கோவையை முழுதாகப் பின்பற்றுங்கள்.

ஆய்வு மாணவர்களுக்கு இரண்டு விடயங்கள். 1940இல் கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோவில் பதிவான அதிர்வை எடுத்து, அதிர்வின் அளவை மட்டும் குறைத்து "கொழும்புக்கான அதிர்வு" என்று போடாதீர்கள். எண்ணைக் குறைத்தாலும் அதன் அலை அமைப்பு கலிபோர்னியாவுடையதுதான். நமக்குத் தேவை இரண்டு வகை: கிட்டத்தில் வரக்கூடிய மிதமான, குறுகிய, வேகமான அதிர்வு, தூரத்துப் பெரிய நிலநடுக்கத்தின் நீண்ட, மெதுவான அசைவு. இரண்டையும் தனித்தனியே கட்டிடத்துக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, 475 வருட மீள்காலத்தோடு, அதாவது சராசரியாக 475 வருடத்துக்கு ஒருமுறை எதிர்பார்க்கும் அதிர்வோடு, நின்றுவிடாதீர்கள். அது 50 வருடத்தில் 10 வீத வாய்ப்புள்ள அதிர்வு. 2,475 வருட அதிர்வு கலிபோர்னியாவில் அதைப்போல ஒன்றரை மடங்கு அளவில் இருக்கும், தட்டின் நடுப்பகுதிகளில் மூன்று மடங்கைத் தாண்டுவதும் உண்டு. கலிபோர்னியாவில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் கட்டிடம் தப்பிவிடலாம், நம்மிடம் அதே கூடுதல் போதாது.

கடைசியாக மண் ஆய்வு. உயர்நிலை நில அதிர்வு நிலையம் நமக்குப் பல்லேகலையில் இருக்கிறது, அது மலைநாட்டில். கொழும்பு மண் அதிர்வை எவ்வளவு பெருக்கும் என்று அது சொல்லாது. கொழும்பில் ஒவ்வொரு கோபுரத்துக்கும் துளையிட்டுத்தான் மண் பார்க்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் பைல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான சோதனைகளோடு வேலை முடிந்துவிடுகிறது. துளையிடும் இயந்திரம் நிற்கும்போதே மேல் 30 மீட்டருக்குக் குறுக்கலை வேகத்தையும், அதாவது மண்ணைப் பக்கவாட்டில் அசைக்கும் அலை அதற்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதையும், அளக்கச் சொல்லுங்கள். பைல்களுக்குப் போகும் செலவோடு பார்த்தால் அது சிறு தொகை. அறிக்கையையும் கோப்புக்குள் பூட்டிவிடாமல் மொரட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இந்த வேலை செய்கிறவர்கள் பார்க்கக் கொடுங்கள். கொம்பனித்தெருவுக்கும் கொலன்னாவைக்கும் தனித்தனி எண் அப்போதுதான் கிடைக்கும்.