வரி, இலவசம், நட்டம்: கணக்குப் போடும்போது செய்யும் தவறுகள்

திருப்பூரில் வரியைப் பற்றிப் பேச்சு வந்தால், "வருசத்துக்கு இத்தனை லட்சம் கட்டறேனுங்க, அத்தனையும் நட்டம்" என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். முதல் தவறே அதுதான். கட்டியவருக்கு அது செலவு, சரி. ஆனால் அந்தப் பணம் அழிந்துவிடவில்லை; அரசின் கைக்கு மாறியிருக்கிறது. (அங்கே ஒழுங்காகச் செலவாகிறதா என்பது வேறு வழக்கு.) வரியால் நடக்காமலே போன வியாபாரம்தான் உண்மையான வீண் இழப்பு. அது யாருடைய பேரேட்டிலும் ஏறாது.

ஒரு பனியன் தைத்துக் கொடுக்க, கம்பெனிக்காரரின் லாபமும் சேர்த்து 200 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்க வந்த மூவரில் ஒருவர் 205 ரூபாய் வரை கொடுப்பார், அடுத்தவர் 215, மூன்றாமவர் 240. வரி இல்லாவிட்டால் மூன்றும் விற்கும். 10 ரூபாய் வரி போட்டால் 205-காரர் கிளம்பிவிடுவார். அரசுக்கு 20 ரூபாய் வரும். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய 5 ரூபாய் ஆதாயம் யாருக்கும் இல்லாமல் போகும். வரியை 20 ஆக்கினால் 215-காரரும் போய்விடுவார். அரசுக்கு அதே 20 ரூபாய்தான், ஆனால் வீணானது 5-லிருந்து 20 ஆகிவிட்டது. வரி இரண்டு மடங்கு, இழப்பு நான்கு மடங்கு! எண்கள் கற்பனை, போக்கு உண்மை. "இன்னும் ரெண்டு சதவீதம்தானே" என்பவர்கள், ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது, வரியைக் கட்டுகிறவர்தான் அதைச் சுமக்கிறார் என்று நினைப்பது. 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு எல்லாம் சேர்த்து 11 சதவீத வரி வந்தது. கட்டியவர் இறக்குமதி செய்தவர். ஆனால் வெளிப்பஞ்சு விலை ஏறினால் உள்ளூர்ப் பஞ்சும் விலை ஏற இடம் கிடைக்கிறது. அது நூல் விலையில் ஏறி, சோமனூர், பல்லடம் தறிக்காரர் வரை வருகிறது. யாரால் எளிதில் விலகிப் போக முடியாதோ, அவர் தலையில்தான் பெரும்பங்கு விழும். தறியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? 2022-லும் 2025-லும் சில மாதங்கள் விலக்கு கொடுத்தார்கள். அப்படி வந்து வந்து போகும் விலக்கை நம்பி ஸ்பின்னிங் மில் எப்படித் திட்டம் போடும்?

ஒரு விலை வரம்பைத் தாண்டியதும் விகிதம் தாவும் வரியும் தொழிலைக் கோணலாக்கும். 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. 2,500 ரூபாய் ஜாக்கெட் வரியோடு 2,625. விலையில் ஒரு ரூபாய் கூடினால் 2,951. 2,600 ரூபாய்க்கு நல்ல ஜாக்கெட் தைக்கத் தெரிந்தவரும் லைனிங்கைக் குறைத்து 2,499-க்குள் அடக்கத்தான் பார்ப்பார்.

இலவசத்தால் சந்தை கோணாது என்று நினைப்பதும் தவறுதான்; நம்மூரில் அதைத் தவறு என்று சொல்லவே கூச்சப்படுவார்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்திருக்கிறார்கள். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் சும்மா வந்ததல்ல. ஆனாலும் யூனிட் விலை சைபர் என்றால், கடைசி ஒரு மணி நேரம் மோட்டாரை நிறுத்த யாருக்கும் காரணம் இல்லை. நீர்மட்டம் இறங்குகிறது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆயிரம் அடிக்கு போர் போடுகிறார், பிறகு நாமும். மிச்சமான கரண்ட் பில் ரிக் வண்டிக்குப் போகிறது. என் கருத்தில், அதே மானியத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு யூனிட்டுக்கு விலை வைப்பது மேல். விவசாயிக்குப் பணமும் வரும், மோட்டாரை நிறுத்தினால் அது மிச்சமும் ஆகும்.

இதையெல்லாம் படித்துவிட்டு "எல்லா வரியும் கேடு" என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. நொய்யல் ஆற்றில் நடந்தது நேர் எதிர். சாயப்பட்டறைகள் கழிவுநீரைக் காசில்லாமல் ஆற்றில் விட்டன. அந்தச் செலவு, ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயி நிலத்தில் உப்பாக ஏறியது. சாயக்கூலி மலிவாக இருந்ததற்கு அந்த நிலமும் ஒரு காரணம். அங்கே கழிவுக்கு விலை இல்லாததுதான் சந்தையைக் கோணலாக்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, மலிவாகச் சுத்திகரிக்கக் கூடியவரும் முடியாதவரும் ஒன்றாகவே மூட வேண்டியிருந்தது. தொடக்கத்திலேயே லிட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்து, ஒழுங்காக வசூலித்திருந்தால், யார் சுத்திகரிப்பது, யார் தொழிலை விடுவது என்பதை அவரவர் கணக்கே பல வருடம் முன்னால் சொல்லியிருக்கும்.