பெரியவர்களின் மனநலத் துணையாகப் பேசும் செயலி: வீட்டில் வைக்கும் முன்னும் பின்னும்

கொழும்பு வெள்ளவத்தையில் தனியே இருக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ, செயற்கை நுண்ணறிவால் தானே பதில் பேசும் செயலி ஒன்றை வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பதிந்து கொடுப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. தனிமை சற்றுக் குறையும் என்பதே அவர்களின் எண்ணம். அதில் தவறில்லை; ஆனால் பெரியவரிடம் கேட்காமல் பதிவதுதான் முதல் தவறு.

ஆகவே முதலில் கேளுங்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கு மாலையில் குழப்பம் கூடுவதுண்டு என்பதால், காலைத் தேநீருக்குப் பிந்திய தெளிவான நேரமே இதற்கு நல்லது. "அம்மா, இதுக்குள்ள ஆள் இல்லை, மெஷின்தான் கதைக்குது. நீங்கள் சொல்லுறது வேறொரு கம்பனியின்ர கணினியில பதிவாகும். வேண்டாமெண்டால் எப்பவும் நிப்பாட்டலாம்" என்று சொல்லிவிட்டு, விளங்கியதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். தலையசைப்பைச் சம்மதமாகக் கொள்ள வேண்டாம். மறதி உள்ளவரிடம் ஒருமுறை கேட்டது போதாது. ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டும். 1966 இல் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலைசா என்ற எளிய நிரலோடு, அது நிரல் என்று தெரிந்திருந்தும் மனிதர் மனம்விட்டுப் பேசினர். இயந்திரம் என்பதை அறிந்திருப்பது மட்டுமே ஒருவருக்குக் காப்பாகிவிடாது என்பதை அன்றே கண்டுகொண்டார்கள்.

அடுத்தது மொழி. இதில்தான் நம்மவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது என் கருத்து. என் அம்மம்மா ஒருநாள் அந்தச் செயலியிடம், "ஒரே யோசினையாக் கிடக்கு, நித்திரை வருகுதில்லை" என்றார். நம் பேச்சில் யோசினை என்றால் கவலை; செயலியோ அதை நல்லதொரு திட்டம் என எடுத்துக்கொண்டு, அந்த யோசனையை விரிவாகச் சொல்லும்படி உற்சாகமாகக் கேட்டது. அம்மம்மா தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். முதியோரின் தரவு போதாமல் பயிற்றப்படும் கருவிகள் அவர்களுக்குப் பாதகமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 இல் எச்சரித்ததை இந்தச் சிறு நிகழ்வோடு சேர்த்துப் பார்க்கலாம்.

எனவே, பெரியவர் நாள்தோறும் உண்மையில் சொல்லும் பத்து வாக்கியங்களை எழுதிக்கொண்டு, அவற்றைச் செயலியிடம் நீங்களே முன்கூட்டிப் பேசிப் பாருங்கள். "எனக்கு ஏலாமக் கிடக்கு", "நெஞ்சு பாரமா இருக்கு", "கடவுள் எடுத்தாப் போதும்" ஆகியவை கட்டாயம் அதில் இருக்கட்டும். கடைசி வாக்கியம் வயதானவர்களின் வாடிக்கைப் பேச்சாகவும் இருக்கலாம், உயிரை மாய்க்கும் எண்ணமாகவும் இருக்கலாம். எது என்று தீர்மானிக்கும் பொறுப்பை இயந்திரத்திடம் விடாமல், அருகிலிருந்து நீங்களே கேளுங்கள்: இப்படி எத்தனை நாளாகத் தோன்றுகிறது, சாப்பிடுகிறாரா, உறங்குகிறாரா, மாத்திரைகளைச் சேர்த்து வைக்கிறாரா. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. ஐயம் இருப்பின் அவரைத் தனியே விடாமல், இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழையுங்கள்.

முதியோரின் மனச்சோர்வு பல வேளைகளில் அழுகையாக வெளிப்படாமல் உடல்வலி, பசியின்மை, மறதி என்ற வேடங்களில் வரும். முதியோருக்கென அமைந்த 15 கேள்விகளைக் கொண்ட சுருக்க அளவுகோலைச் செயலி கேட்கலாம். ஆனால் அதில் கிடைக்கும் புள்ளி வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய குறிப்பே தவிர நோய்நிர்ணயம் அன்று. நேற்றுவரை தெளிவாயிருந்தவர் இன்று திடீரெனத் தடுமாறிப் பேசினால், சிறுநீர்த் தொற்றோ புதிய மருந்தோ காரணமாயிருக்கலாம். செயலியோடு கதைத்துக்கொண்டிராமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நித்திரைக் குளிசையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எதையும் செயலியின் சொல்கேட்டுச் செய்யக்கூடாது.

பதிவுகளை யார் படிப்பது என்பதையும் முன்பே பேசி முடிவெடுங்கள். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவைச் சிறப்பு வகையில் சேர்க்கிறது. ஆனால் ரொறன்ரோவிலிருந்து தாயின் உரையாடலை இரவில் திறந்து வாசிக்கும் மகனைக் கட்டுப்படுத்தக் குடும்பத்தின் நாகரிகமே வேண்டும். மருமகளைப் பற்றி ஒரு தாய் குறைசொன்னால் அது அவருடைய அந்தரங்கம். உயிராபத்துக்கான அறிகுறி தெரிந்தால் மட்டும் யாருக்குச் சொல்வது என்று அவரோடேயே பேசி உடன்பட்டுக்கொள்ளுங்கள். பெயர் தெரியும்படி கிளினிக் கொப்பியைப் படம்பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டாம்.

ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பாருங்கள். வெள்ளிக்கிழமைக் கோயிலும் சகோதரியுடனான தொலைபேசிப் பேச்சும் குறைந்திருந்தால், செயலி துணையாக இல்லாமல் மனிதரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று பொருள், அப்போது நிறுத்துங்கள். செயலியை அழித்தால் மட்டும் அவர் பேசியவை அழிந்துவிடுவதில்லை. பெரும்பாலானவற்றில் முதலில் பதிவுகளையும் பின்னர் கணக்கையும் தனித்தனியே நீக்கக் கோர வேண்டும். அதை அவர் அருகில் அமர்ந்து, திரையைக் காட்டிக்கொண்டே செய்யுங்கள்.