மெய்ஜி ஜிங்கு: முதல் தோரீயிலிருந்து கிணறு வரை நடந்து பார்ப்பது எப்படி?

ஜப்பானின் பூர்விக மதமான ஷிண்டோவின் ஆலயம் ஒன்றை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால், டோக்கியோவில் மெய்ஜி ஜிங்குவிலிருந்து தொடங்குங்கள். பேரரசர் மெய்ஜிக்கும் பேரரசி ஷோக்கெனுக்கும் 1920-ல் எழுப்பிய ஆலயம் இது. ஆலயத்துக்குள் போகக் கட்டணம் கிடையாது. உள்தோட்டத்துக்கு மட்டும் 500 யென். தோட்டத்தையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் தடவை வருகிறவர்கள் பலர் விறுவிறுவென்று சன்னிதிக்கு நடந்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். இங்கே நடந்து போகும் வழியே வழிபாட்டில் பாதி. அதை விட்டுவிட்டால் மிச்சம் ஒரு கட்டடம்தான்.

கிளம்பும் முன்

ஆலயம் சூரிய உதயத்தில் திறந்து அஸ்தமனத்தில் மூடும், அதனால் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். ஜூனில் காலை 5 மணிக்கே திறந்துவிடும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே மூடிவிடும். தோட்டம் காலை 9 மணிக்குத்தான் திறக்கும். ஆகவே 8 மணிக்கு ஹராஜுகு ரயில் நிலையத்தில் இறங்கினால் கணக்கு சரியாக இருக்கும். பாதை முழுக்கச் சரளைக்கல். குதிகால் உயர்ந்த செருப்பு புதையும். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்து மாளாது, ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள். சில்லறையில் 5 யென் நாணயம் ஒன்றிரண்டு இருக்கட்டும். புத்தாண்டின் முதல் மூன்று நாட்களில் லட்சக்கணக்கில் கூட்டம் வரும். முதல் தடவைக்கு அந்த நாட்கள் வேண்டாம்.

படி 1: தோரீயைக் கடப்பது

ஆலய எல்லையைக் காட்டும் மர வாசலுக்குத் தோரீ என்று பெயர். அதன் முன் ஒரு நொடி நின்று, லேசாகத் தலை வணங்கி, பாதையின் ஓரமாக உள்ளே போங்கள். நடுப்பகுதி அங்கே உறையும் காமிக்கு, அதாவது தெய்வத்துக்கு, உரிய வழி. திரும்பி வரும்போது வாசலைத் தாண்டியதும் ஆலயத்தின் பக்கம் திரும்பி இன்னொரு முறை வணங்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

படி 2: காட்டைப் பார்த்து நடப்பது

இரு பக்கமும் அடர்ந்திருப்பது ஆதிகாலக் காடு என்றுதான் தோன்றும். உண்மையில் சுமார் 70 ஹெக்டேரும் மனிதர் நட்டது. நாடெங்கிலுமிருந்து வந்த ஏறக்குறைய ஒரு லட்சம் மரங்களை இளைஞர்கள் தன்னார்வமாக வந்து நட்டார்கள். அன்றைய பிரதமர் ஓகுமா ஷிகெனொபு, பழம்பெரும் ஆலயங்களில் இருப்பதுபோல ஓங்கி வளரும் செடார் தோப்புதான் வேண்டும் என்றார். ஹோண்டா செய்ரோகு முதலிய வனவியலாளர்கள் மறுத்தார்கள்: டோக்கியோவின் மண்ணிலும் புகையிலும் செடார் நிலைக்காது. பசுமை மாறாத ஓக், ஷீ (ஓக் இனத்தைச் சேர்ந்த மரம்), கற்பூர மரங்களை நட்டால், சில தலைமுறைகளில் அவை தாமே விதை போட்டுத் தாமே வளரும் காடாகிவிடும் என்று திட்டம் போட்டார்கள். அப்படியே ஆகியிருக்கிறது.

காலையில் போனால் நீண்ட துடைப்பங்களுடன் பாதையைப் பெருக்குகிறவர்களைப் பார்க்கலாம். கூட்டிய சருகு குப்பைக்குப் போவதில்லை. காட்டுக்குள்ளேயே திரும்பக் கொட்டுகிறார்கள். இந்தக் காட்டுக்கு உரம் அதுதான். அதனால் ஒரு கொட்டையைக்கூட எடுக்காதீர்கள், பாதையை விட்டு மரங்களுக்கிடையே இறங்காதீர்கள்.

சாக்கே எனும் அரிசி மதுவின் பீப்பாய் வரிசையைத் தாண்டினால் பெரிய தோரீ வரும். உயரம் 12 மீட்டர், தூணின் விட்டம் 1.2 மீட்டர். முதலில் இருந்தது 1966-ல் இடி விழுந்து சேதமாக, இப்போதுள்ளது 1975-ல் தைவானிலிருந்து கொண்டுவந்த, 1,500 வயது கடந்த ஹினோகி சைப்ரஸ் மரத்தில் எழுந்தது. அருகே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு தூணுக்கு ஒரு மரம்.

படி 3: கை, வாய் கழுவுதல்

ஓடும் நீரும் நீளக் காம்புள்ள அகப்பைகளும் இருக்கும் இடம் தெமிஸுயா. ஒரே ஒரு அகப்பை நீரில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும், அதனால் நிறைய மொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

1. வலக்கையில் அகப்பையைப் பிடித்து இடக்கையைக் கழுவுங்கள்.
2. கை மாற்றி வலக்கையைக் கழுவுங்கள்.
3. மீண்டும் வலக்கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையைக் குவித்து நீர் ஊற்றி, அதிலிருந்து வாயைக் கொப்பளியுங்கள்.
4. இடக்கையை மறுபடி கழுவுங்கள்.
5. அகப்பையைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மிச்ச நீர் வழிந்து காம்பைக் கழுவும். பிறகு கவிழ்த்து வையுங்கள்.

அகப்பையை நேரே வாயில் வைப்பதும், கழுவிய நீரைத் தொட்டிக்குள்ளேயே விடுவதும் பெரிய பிழைகள். அடுத்தவரும் அதே நீரைத்தான் மொள்ளப்போகிறார். அகப்பை வைக்காமல் குழாய் நீர் மட்டும் விட்டிருந்தால் அதிலேயே இதே வரிசையில் கழுவுங்கள்.

படி 4: சன்னிதியில்

முதலில் எழுப்பிய கட்டடம் 1945 வான்தாக்குதலில் எரிந்துபோனது; இப்போதுள்ளது 1958-ல் கட்டியது. நம் கோயில் பழக்கத்தில் செருப்பைக் கழற்ற இடம் தேட வேண்டாம், பிரகாரம் சுற்றவும் தேவையில்லை. தொப்பியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

காணிக்கைப் பெட்டியில் நாணயத்தை மெல்லப் போடுங்கள். 5 யென்னை ஜப்பானியத்தில் "கோ-என்" என்பார்கள்; நல்ல உறவு என்ற சொல்லுக்கும் அதே ஒலி. அதனால்தான் அந்த நாணயத்துக்கு மதிப்பு. பிறகு இருமுறை ஆழ்ந்து குனிந்து வணங்கி, மார்பு உயரத்தில் இருமுறை கை தட்டி, குவித்த கையோடு வேண்டிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை குனிய வேண்டும். வேண்டுதல் கைதட்டலுக்குப் பிறகுதான். பின்னால் வரிசை நின்றாலும் பதற்றப்பட வேண்டாம், பெட்டி அகலமானது. சன்னிதியின் உட்புறத்தைப் படம் எடுக்கக் கூடாது. வார இறுதிகளில் திருமண ஊர்வலம் முற்றத்தைக் கடக்கும். குறுக்கே போகாமல் ஒதுங்கி நில்லுங்கள்.

இடப்பக்கம் இணைந்து நிற்கும் இரண்டு கற்பூர மரங்களைத் தம்பதி மரம் என்கிறார்கள். மற்ற ஆலயங்களில் எடுக்கும் குறிச்சீட்டு நல்லகாலம், கெட்டகாலம் சொல்லும். இங்கே உள்ளதில் அது இருக்காது, பேரரசரோ பேரரசியோ எழுதிய வாகா எனும் ஜப்பானியக் குறுங்கவிதை ஒன்று இருக்கும். மற்ற ஆலயங்களில் செய்வதுபோல அங்கேயே கட்டிவிட்டு வராமல் வீட்டுக்கு எடுத்துப்போங்கள்.

படி 5: தோட்டமும் கிணறும்

வந்த வழியே திரும்பிப் பெரிய தோரீயை நோக்கி நடந்தால் உள்தோட்டத்தின் வடக்கு வாசல். உள்ளே பாதை குறுகல், மண்தரை, மழை பெய்திருந்தால் வழுக்கும். தேநீர் இல்லத்தையும் தெற்குக் குளத்தையும் கடந்து ஐரிஸ் பூ வயலுக்கு வாருங்கள். பேரரசிக்காகப் பேரரசர் நடச் சொன்னது இது. சுமார் 150 வகை. மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து போகும் ஒடுங்கிய நீர்வயல் முழுவதும் ஜூன் நடுவில் ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு. அந்த மாதம் தோட்டம் கூடுதல் நேரம் திறந்திருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். மற்ற மாதங்களில் இங்கே பூவை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். அப்போது குளக்கரையில்தான் நேரம் செலவிட வேண்டும்.

வயலின் மேல்கோடியில் கியோமஸா கிணறு. இதை வெட்டியவர் படைத்தலைவர் கதோ கியோமஸா என்பது வழக்கு. ஆழமான கிணற்றை மனதில் வைத்துக்கொண்டு போனால் தேடிக்கொண்டிருப்பீர்கள். இது தரை மட்டத்தில் பதித்த ஒரு வட்ட மரவளையம், அவ்வளவுதான். அடியிலிருந்து நிமிடத்துக்கு 60 லிட்டர் அளவில் நீர் ஊறி, ஐரிஸ் வயல் வழியாகக் குளத்துக்கு ஓடுகிறது. கோடையிலும் குளிரிலும் நீரின் வெப்பம் சுமார் 15 டிகிரி செல்சியஸ்தான். ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடியும். குனிந்து கையை நனையுங்கள், நாணயம் போடாதீர்கள், அடுத்தவருக்கு இடம் விடுங்கள்.