காலேஜ் வெட்டரன்ஸ் ஆபீஸ்ல இன்டர்னல் ஆடிட் ஆரம்பிக்கறது எப்படி

அமெரிக்கால ஒரு காலேஜ்ல ஸ்கூல் சர்டிஃபையிங் அஃபிஷியல் வேலைக்கு, அதான் எஸ்சிஓன்னு சொல்வாங்களே, அதுக்குப் புதுசா வந்திருக்கீங்களா, அப்போ இது உங்களுக்குத்தான். ஜிஐ பில்ல, அதாவது மிலிட்டரில இருந்தவங்களுக்கான படிப்பு உதவித் திட்டத்துல, படிக்கற ஸ்டூடண்ட் எத்தனை கிரெடிட் எடுத்திருக்காங்கன்னு விஏவுக்கு (அமெரிக்க அரசோட வெட்டரன்ஸ் துறை) நாமதான் சொல்றோம், அதை நம்பித்தான் ஃபீஸ் காலேஜுக்கும் வாடகைப் பணம் ஸ்டூடண்ட் கைக்கும் போகுது. அதிகமாப் போன வாடகைப் பணத்தை ஸ்டூடண்ட்கிட்டயே திருப்பிக் கேப்பாங்க, மிலிட்டரில இருந்துட்டு இப்பதான் படிக்க வந்த ஒருத்தர் நம்ம ஆபீஸ் தூங்குனதுக்காக கடன் கட்டக் கூடாது. விஏ ஆளுங்களோ ஸ்டேட் அப்ரூவிங் ஏஜென்சியோ (ஜிஐ பில்லுக்கு ப்ரோக்ராமை அப்ரூவ் பண்ற ஸ்டேட் அமைப்பு) கம்ப்ளையன்ஸ் சர்வேக்கு, அதாவது ரூல்படி நடக்குதான்னு பாக்கற சோதனைக்கு, வந்துதான் தப்பைக் கண்டுபிடிக்கணும்னு விடாதீங்க.

முதல்ல, யார் செக் பண்றதுன்னு முடிவு பண்ணுங்க. சர்டிஃபை பண்ணவரே தன்னோட வேலையைப் பாத்தா ஆடிட் ஆகாது. ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல ஒருத்தர், ஃபீஸ் பாக்கற ஆபீஸ்ல ஒருத்தர், இது போதும்.

அடுத்து எப்போ. ஒரு செமஸ்டருக்கு ரெண்டு தடவை: கிளாஸ் சேத்துக்கவோ விடவோ கொடுக்கற ஆட் டிராப் டைம் முடிஞ்சதும் ஒண்ணு, கிரேடு போட்டதும் ஒண்ணு. ரெண்டாவதை நிறைய பேர் விட்டுடறாங்க, பிரச்சனை முக்கால்வாசி அங்கதான் இருக்கும்.

ஃபைல் எடுக்கறப்ப கண்ணை மூடிட்டு கொஞ்சம் எடுங்க, அதோட கிளாஸைப் பாதில விட்டு டபிள்யூ கிரேடு வாங்கினவங்க, எல்லாத்துலயும் எஃப் வாங்கினவங்க, மேஜர் மாத்தினவங்க, வேற காலேஜ்ல இருந்து வந்தவங்க, இவங்க ஃபைலையும் கண்டிப்பா சேத்துக்கோங்க.

இப்போ முக்கியமான வேலை. ஒரு பக்கம் என்ரோல்மென்ட் மேனேஜர்ல (விஏவுக்கு ரிப்போர்ட் அனுப்பற ஆன்லைன் சிஸ்டம்) நாம அனுப்பினது, இன்னொரு பக்கம் டிரான்ஸ்கிரிப்டும் ஃபீஸ் லெட்ஜரும், வரி வரியா ஒப்பிட்டுப் பாருங்க. உதாரணத்துக்கு 12 கிரெடிட்னு அனுப்பியிருக்கோம், அஞ்சாவது வாரம் ஸ்டூடண்ட் 3 கிரெடிட் கிளாஸ் ஒண்ணை விட்டுட்டார், இப்போ 9தான், அதாவது 75 சதவீதம், அதைப் பக்கத்துப் பத்துக்கு ரவுண்ட் பண்ணுவாங்க, அதனால வாடகைப் பணம் 80 சதவீதமா குறையும். நடந்து 30 நாளுக்குள்ள விஏவுக்கு சொல்லணும், அதனால டிராப் பண்ண தேதியையும் நாம ரிப்போர்ட் பண்ண தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, லேட் இருந்தா அங்கயே தெரிஞ்சிடும். எஃப் வந்திருந்தா டீச்சர்கிட்ட கேளுங்க, கடைசி வரைக்கும் வந்து ஃபெயில் ஆனாரா, பாதில நின்னுட்டாரா? நின்னுட்டார்னா கடைசியா கிளாஸுக்கு வந்த தேதியோட ரிப்போர்ட் போகணும்.

அப்படியே இதையும் பாத்துடுங்க: கிளாஸ் எல்லாமே அந்த டிகிரிக்கு வேணுமா (டிகிரிக்குக் கணக்குல வராத கிளாஸை சர்டிஃபை பண்ணக் கூடாது), நேர்ல நடக்கற கிளாஸ் ஒண்ணாவது இருக்கா, முழுக்க ஆன்லைன்னா வாடகைப் பணம் தேசிய சராசரில பாதிதான், டியூஷனுக்குன்னே கொடுத்த ஸ்காலர்ஷிப்பைக் கழிச்சிட்டு ஃபீஸ் போட்டிருக்கா, முன்னாடி படிச்ச கிரெடிட்டை, மிலிட்டரி டிரெயினிங் உட்பட, மதிப்பிட்டதுக்குப் பேப்பர் ஃபைல்ல இருக்கா.

85/15 கணக்கைத் தனியா ஒரு ஷீட்ல வைங்க, ஒரு ப்ரோக்ராம்ல 85 சதவீதத்துக்கு மேல உதவிப் பணத்துல படிக்கறவங்களா ஆயிட்டா புதுசா யாரையும் சர்டிஃபை பண்ண முடியாது.

தப்பு கிடைச்சா அன்னைக்கே திருத்தி அனுப்புங்க, அதோட ஸ்டூடண்ட்டைக் கூப்பிட்டு வாடகைப் பணம் எவ்வளவு குறையும்னு விஏ லெட்டர் போய் சேர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, கிளாஸை விட்டதுக்கு உடம்பு சரியில்லாம போச்சு மாதிரி காரணம் இருந்தா அதுக்கான பேப்பரை அனுப்பவும் உதவி பண்ணுங்க, காரணத்தை ஏத்துக்கலன்னா செமஸ்டர் ஆரம்பத்துல இருந்தே பணத்தைத் திருப்பிக் கேக்க வாய்ப்பு இருக்கு. ஆடிட் ஷீட்டை தேதி போட்டு, பாத்தவர் கையெழுத்தோட ஃபைல்லயே வைங்க. ஸ்டூடண்ட் படிப்பு முடிஞ்சு 3 வருஷத்துக்கு ஃபைலைத் தூக்கிப் போடக் கூடாது.