பாஸ்டரிடம் எப்படிப் பழகுவது, எப்படிக் குறை சொல்வது

திங்கட்கிழமை பாஸ்டருக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். சனி, ஞாயிறு முழுக்க ஓடுபவருக்குப் பெரும்பாலும் அதுதான் ஓய்வு நாள். நானும் ஒரு திங்கள் இரவு பதினொரு மணிக்கு, ஆராதனையில் டிரம்ஸ் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் எழுதி அனுப்பியவன்தான். மறுநாள்தான் தெரிந்தது, அந்த நேரத்தில் மனிதர் ஆஸ்பத்திரியில் எங்கள் சபைப் பாட்டி ஒருவரின் கட்டிலருகே இருந்திருக்கிறார். வெட்கமாகப் போய்விட்டது.

சரி, நிஜமாகவே குறை இருந்தால்? மத்தேயு 18 சொல்வது எளிது: முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள். நாம் செய்வது நேர்மாறு. ஆராதனை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே நாலு பேரிடம் சொல்லிவிடுவோம், ஐந்தாவது ஆள் மூலம் அது பாஸ்டர் காதுக்குப் போகும், அதற்குள் கால், கை, மூக்கெல்லாம் முளைத்திருக்கும். நேரம் கேட்டு வாங்கி, காப்பிக்கடையில் உட்கார்ந்து, "போன வாரம் நீங்கள் இப்படிச் சொன்னது எனக்குப் புரியவில்லை ஐயா" என்று ஒரே ஒரு விஷயத்தைப் பேசுங்கள். பத்து வருடக் கணக்கையும் ஒரே தே ஓவில் (பாலில்லாத டீயில்) தீர்க்கப் பார்க்காதீர்கள்.

இங்கேதான் சிலர், "அபிஷேகம் பெற்றவர்மேல் கை போடாதே" என்று வாயை அடைப்பார்கள். தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலைப் பற்றித் தாவீது சொன்னது அது. 1 சாமுவேல் 24ஐ முழுக்க வாசியுங்கள். சவுலைக் கொல்ல மறுத்த அதே தாவீது, கெபியை (குகையை) விட்டு வெளியே வந்து, சவுலுக்குத் தெரியாமல் அறுத்த அவருடைய சால்வைத் தொங்கலைத் தூக்கிக் காட்டி, என்னை ஏன் வேட்டையாடுகிறீர் என்று சத்தமாகவே கேட்டார். பிறகு அவரே ராஜாவாகித் தப்பு செய்தபோது, தீர்க்கதரிசி நாத்தான் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். 1 தீமோத்தேயு 5இலும் நன்றாக உழைக்கும் மூப்பருக்கு (சபையை நடத்துபவருக்கு) இரட்டிப்பான கனம் என்கிற பவுல், இரண்டே வசனம் தள்ளி, மூப்பர்மேல் புகார் வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறார். அதற்கடுத்த வசனத்தில், பாவம் செய்கிறவர்களை எல்லார் முன்பும் கடிந்துகொள்ளச் சொல்கிறார். கனம், விசாரணை, கண்டிப்பு மூன்றும் ஒரே பத்தியில்.

தனியாகப் பேசியும் பலன் இல்லை என்றால், உங்கள் சபையின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் மெதடிஸ்ட் தமிழ்ச் சபை என்றால் மேலே இம்மானுவேல் தமிழ் வருடாந்திர மாநாடு இருக்கிறது, ஆங்கிலிக்கன், கத்தோலிக்கச் சபைகளில் பேராயர் இருக்கிறார். தனிச் சபையில் பாஸ்டரும் அவர் குடும்பமும் மட்டுமே நிர்வாகம் என்றால், அதுவே யோசிக்க வேண்டிய விஷயம்.

பணத்தில் கூச்சமே வேண்டாம். காணிக்கையை பேநவ் (கைப்பேசிப் பணப் பரிமாற்றம்) வழியாக அனுப்பினால் சபைக் கணக்குக்கு அனுப்புங்கள், யாருடைய சொந்த கைப்பேசி எண்ணுக்கும் வேண்டாம். ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்க் கணக்கறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபை வழக்கில் 2015இல் ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, சம்பந்தப்பட்டது சுமார் 50 மில்லியன் வெள்ளி சபைப் பணம். கணக்கு கேட்டால் நல்ல பாஸ்டர் கோபப்படமாட்டார், அது அவருக்கும் பாதுகாப்பு.

பிள்ளைகளிடமோ பெண்களிடமோ அத்துமீறல் என்றால் மேலே சொன்ன காப்பிக்கடைப் பேச்சு பொருந்தாது. நேரே போலீஸுக்குப் போங்கள், அல்லது வன்முறை, பாலியல் தொல்லைக்கான தேசிய உதவி எண் 1800-777-0000க்கு அழையுங்கள். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள்.

அப்புறம், சபை மாறுகிறீர்கள் என்றால் சொல்லிவிட்டுப் போங்கள். மூன்று மாதமாக உங்களைக் காணோம் என்று அவர் பிஸ்கட் டப்பாவோடு உங்கள் புளோக்குக்கு வந்து லிஃப்டுக்குக் காத்து நிற்பார், நீங்களோ வேறு சபையில் பாடகர் குழுவில் இருப்பீர்கள்.