ஆறாயிரம் மெயில் ஐடி: இதழ் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கடலூரிலிருந்து இரண்டு தம்பிகள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். காலாண்டிதழ் தொடங்குகிறார்களாம். டீ வருவதற்குள் ஒருவர் லேப்டாப்பைத் திறந்துவிட்டார். "அண்ணே, 6,000 மெயில் ஐடி ரெடி. பாதி நெய்வேலி புத்தகக் கண்காட்சியில நோட்டு வெச்சு வாங்கினது, மீதி தெரிஞ்சவர் ஒருத்தர் கொடுத்த எக்செல். ஒரே நாள்ல எல்லாருக்கும் தட்டிவிட்டா சந்தா வந்துடும்."

இதே வாக்கியத்தை, இதே முகமலர்ச்சியோடு, 2019-ல் நான் சொல்லியிருக்கிறேன். எழுத்துப்பிழை பாருங்கள், நல்ல தலைப்பு வையுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். எனக்குப் பணமும் மானமும் போன இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கேட்காதவருக்கு அனுப்புவது

அப்போது எங்கள் மாத இதழுக்கு ஆயிரத்துச் சொச்சம் சந்தாதாரர்கள். வாரம் ஒரு மின்மடல் அவர்களுக்குப் போகும், பலர் பதிலும் எழுதுவார்கள். சந்தாவை இரட்டிப்பாக்கலாம் என்று ஆசிரியருக்கு ஓர் ஆசை வந்தது. பீரோவைத் திறந்தோம். புத்தகக் கண்காட்சி நோட்டுகள், வெளியீட்டு விழாக்களின் வருகைப் பதிவேடு, பரிசுக் கூப்பன்கள், விசிட்டிங் கார்டுகள். ஒரு கல்லூரி மாணவரை உட்காரவைத்து இரண்டு வாரம் டைப் செய்ய வைத்தேன். அடிக்கோடா புள்ளியா, '1'-ஆ 'l'-ஆ என்று தெரியாத கையெழுத்துகள். 'ஜிமெயில்' என்பதையே பிழையாக எழுதியவர்கள். கைவிடப்பட்ட ரீடிஃப்மெயில் முகவரிகள். எல்லாம் சேர்ந்து நாலாயிரத்தைத் தாண்டியது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான மடல்கள் திரும்பியிருந்தன. போய்ச் சேர்ந்த மடல்களுக்கு என்ன நடந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. என்றோ ஒரு ஸ்டாலில் நோட்டில் கிறுக்கிவிட்டுப் போனவருக்கு உங்கள் இதழின் பெயர் ஞாபகம் இருக்காது. "யார் இது?" என்று நினைப்பார், ஸ்பேம் பொத்தானை அமுக்குவார், வேறு வேலை பார்ப்பார். அதில் கோபம்கூடக் கிடையாது.

எங்கள் சந்தாக்களில் பாதி டிசம்பரில் முடிபவை. புதுப்பிக்கச் சொல்லும் மடலும் அதே டொமைனிலிருந்துதான், அதாவது மெயில் ஐடியில் @-க்குப் பின்னால் வரும் அதே பெயரிலிருந்துதான் போனது. வழக்கமாகப் பொங்கலுக்குள் பணம் வந்துவிடும். அந்த வருடம் ஈ, காக்கை இல்லை. தீபாவளி மலரில் வந்த ஒரு கதைதான் வாசகர்களை விரட்டிவிட்டது என்று ஆசிரியர் முடிவு கட்டினார். அந்த எழுத்தாளரிடம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பாவம் அவர்.

பிப்ரவரியில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன் செய்தார். "என்னய்யா, ரெண்டு மாசமா இதழைக் காணோம், நிறுத்திட்டீங்களா?" "ஐயா, மூணு மெயில் போட்டோமே." "எனக்கு ஒண்ணும் வரலையே." போனிலேயே அவரை ஒவ்வொரு பொத்தானாகத் தொட வைத்து ஸ்பேம் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். மூன்றும் அங்கே கிடந்தன, லாட்டரிப் பரிசுக்கும் உடனடிக் கடனுக்கும் நடுவில்.

1908-ல் பாரதி இந்த ஊருக்கு வந்து 'இந்தியா' வார இதழை நடத்தினார். அது பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை விழுந்தது, 1910-ல் நின்றுபோனது. அவருக்கு வழியை அடைத்தது வெள்ளைக்கார அரசு. எங்களுக்கு அடைத்தது எங்கள் பீரோவில் இருந்த நோட்டு.

சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன், கார்டு போட்டேன். தொடர்ந்து படிப்பவர்கள் என்று தெரிந்த சிறு கூட்டத்துக்கு மட்டும் மடல் அனுப்பி, மெல்ல மெல்லக் கூட்டி, டொமைனின் பெயரைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆனது. சிலர் திரும்பி வரவேயில்லை.

இதன் சூட்சுமம் இதுதான். ஜிமெயில் ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு நடத்தைச் சான்றிதழ் வைத்திருக்கிறது. செத்த முகவரிகளுக்கு அனுப்பினால் அது குறையும், யாராவது ஸ்பேம் அமுக்கினால் இன்னும் குறையும். 2024 பிப்ரவரியிலிருந்து விதி எழுத்திலேயே இருக்கிறது: ஸ்பேம் புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது, 0.3-ஐத் தொடவே கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர். ஜிமெயில்காரர்களுக்கு ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். 'இந்த மடல் என் பெயரில்தான் போகிறது' என்று காட்டும் பதிவுகள் அவை, டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் ஒருமுறை போட்டால் போதும். 5,000 இல்லாவிட்டாலும் போட்டுவிடுங்கள். போதாததற்கு, இரண்டு வருடம் தொடாத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கி வருகிறது. பழைய நோட்டில் எத்தனை முகவரிக்கு உயிர் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நோட்டு வைப்பது தப்பில்லை. 'வாரம் ஒரு மடல் அனுப்பலாமா?' என்று ஒரு கட்டம் போட்டு டிக் வாங்குங்கள். அன்று ராத்திரியே, உங்கள் ஸ்டாலுக்கு வந்த ஞாபகம் இருக்கும்போதே, உறுதிப்படுத்தும் மெயில் போகட்டும். அதில் இருக்கும் இணைப்பைத் தொட்டவர் மட்டும் உங்கள் வாசகர். அப்புறம், ரசீதும் புதுப்பித்தல் மடலும் தனி சப்டொமைனிலிருந்து (டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த பெயர்) போகட்டும். மின்மடலில் என்ன கூத்து நடந்தாலும் வருமானத்துக்கு அவ்வளவு சீக்கிரம் சேதம் வராது.

விலைக்கு லிஸ்ட் வாங்குவது

வேண்டாம்.

விலகும் வழியை ஒளிப்பது

இதைத் தெரிந்தே செய்பவர்கள் உண்டு, தெரியாமல் செய்பவர்கள்தான் அதிகம். 102 கேபியைத் தாண்டும் மடலை ஜிமெயில் பாதியில் வெட்டிவிடும். தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கு மூன்று பைட், 'கி' என்றால் ஆறு. ஆயிரம் சொல் கட்டுரை ஒன்றே இருபத்தைந்து கேபிக்கு மேல் போகும். முழு இதழையும் மடலுக்குள் திணித்தால் அடியில் இருக்கும் அன்சப்ஸ்க்ரைப் இணைப்பு வெட்டுப்பட்டுப் போகும். விலக நினைப்பவர் தேடிப் பார்ப்பார், கிடைக்காது, ஸ்பேமை அமுக்குவார். முதல் இரண்டு பத்தியைக் கொடுத்து மீதியைத் தளத்தில் படிக்க விடுங்கள். விலகுகிறேன் என்பவரை வாசல் வரை வந்து வழியனுப்புங்கள்.

கியூஆர் படம்

சந்தா கட்டச் சொல்லி மடலில் பெரிய கியூஆர் படம் போடுகிறார்கள். மடலைப் படிப்பதே போனில்தானே? தன் போனில் இருக்கும் படத்தைத் தன் போனாலேயே எப்படி ஸ்கேன் செய்வது? ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் செய்யலாம், அறுபது வயது வாசகர் அதற்குள் போனை வைத்துவிடுவார். பணம் கட்டும் இணைப்பைப் பொத்தானாகக் கொடுங்கள், கூடவே யூபிஐ ஐடியை எழுத்தாகப் போடுங்கள். அச்சு இதழின் பின்னட்டைக்கு கியூஆர் பொருத்தமானது.

பேஜ்மேக்கர் எழுத்தை அப்படியே ஒட்டுவது

பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வானவில், பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் வாசகர் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். எங்களுக்கும் ஒருமுறை நடந்தது, அதுவும் தலைப்பில்.

ஓப்பன் ரேட் பார்த்துப் பூரிப்பது

ஓப்பன் ரேட் என்பது மடலைத் திறந்தவர்களின் சதவீதம், மடலில் இருக்கும் படம் இறங்குவதை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். 2021-லிருந்து ஆப்பிளின் மெயில் செயலி, வாசகர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. திறந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். எத்தனை பேர் இணைப்பைத் தொட்டார்கள், எத்தனை பேர் பணம் கட்டினார்கள், அதைப் பாருங்கள்.

ஒரே ஒரு நினைவூட்டல்

சந்தா முடிய ஒரு மாதம் முன்பு ஒன்று, கடைசி இதழோடு ஒன்று, முடிந்து இரண்டு வாரத்தில் ஒன்று. மூன்றிலும் முடியும் மாதத்தையும் கட்ட வேண்டிய தொகையையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். இதழின் லட்சியம் பற்றி நான்கு பத்தி எழுதிவிட்டுத் தொகையைக் கடைசியில் சொன்னால் யாரும் அதுவரை வரமாட்டார்கள்.

ஆயுள் சந்தா

யாருடைய ஆயுள்?

தம்பிகள் முகம் சுருங்கித்தான் கிளம்பினார்கள். போன வாரம் போன் வந்தது. தெரிந்தவர் கொடுத்த எக்செல்லைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். நோட்டில் இருந்தவர்களில் கடைசியாக நடந்த கண்காட்சியில் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும், நாளுக்கு ஐம்பது பேராக, 'தொடரலாமா?' என்று கேட்டார்களாம். சரி என்றவர்கள் 143 பேர். "உங்களுக்கும் அனுப்பினோம் அண்ணே, நீங்க இன்னும் கிளிக் பண்ணலையே?" தேடிப் பார்த்தேன். என் ஸ்பேம் பெட்டியில் இருந்தது. டிகேஐஎம் போட்டீர்களா என்று கேட்டேன். ஒரு நொடி சத்தமில்லை. "அது நாளைக்குப் போடறோம்ணே."